நாக்கு என்கிற என் மச்சான்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தலையில் மீன்கூடை சுமந்து ஆரம்பித்தேன், இன்றைக்கு என் மீன் கொட்டகையில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அதில் கத்திக்குச் சூரன் என் தங்கை புருஷன். எல்லாருக்கும் அவன் ‘நாக்கு’தான். தோலுரித்து வரும் துண்டு என்ன மீன் என்று தெரியாவிட்டால், பச்சையாக ஒரு கீற்றை நாக்கில் வைப்பான். நாக்கு மரத்துப்போனால் நஞ்சு மீன், கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் விற்கலாம். நான் வைத்த சட்டம் அது. ஆனால் நாள் முழுக்க அவன் வாயில் ஐஸ் கட்டி கிடக்கும். ஏற்கெனவே மரத்த நாக்குக்கு என்ன தெரியும்? எங்கள் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் வெள்ளைத் துண்டுகளாக ஒரு பெட்டி வந்தது.

ஒரு கீற்றை நாக்கில் வைத்துப் பார்த்து, “சுத்தம் மச்சான்” என்றான். நாலு துண்டைப் பொரித்து அவனே தின்றான்.

அரை மணியில் உதடு கூசுகிறது என்றான். பிறகு விரல் போனது, கால் போனது, கடைசியில் மூச்சு.

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து இயந்திரத்தால் மூச்சு விட வைத்தார்கள். கிள்ளினால் துடிப்பில்லை. இமையைத் தூக்கி விளக்கடித்தார்கள். கண்மணி அப்படியே நின்றது.

“மீன் துண்டு லேபுக்குப் போயிருக்கு, பொறுங்க” என்றார் டாக்டர்.

மறுநாள் காலைவரை பொறுத்தேன். குடும்பத்துக்குப் பெரியவன், முடிவு நான்தானே எடுக்க வேண்டும்? கட்டில் பக்கத்தில் நின்றே சொன்னேன்: “போனவனை எதுக்கு ஊதிக்கிட்டிருக்கீங்க? குழாயை எடுத்துடுங்க, கையெழுத்து நான் போடறேன்.”

“அண்ணே, உடம்பு சூடா இருக்குண்ணே” என்றாள் தங்கை.

“ஐஸ்ல வெச்ச மீனும் பளபளன்னுதான் இருக்கும்.”

அப்போது லேப் அம்மா தாளோடு உள்ளே வந்தாள். மிச்சத் துண்டை அரைத்து, சாறெடுத்து, அதிலிருப்பதை மெஷின் தனித்தனியாகப் பிரித்து எடை போட்டதாம். நஞ்சுக்கு நஞ்சு எடை வேறாம். எடை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம், சட்டென்று பிடிபட்டது.

“இது பேத்தை மீனோட நஞ்சு. தெரிஞ்ச நஞ்சோட ஒப்பிட்டும் பாத்துட்டேன். நரம்பைப் பூட்டும், மனசைத் தொடாது. தானா இறங்கிடும், மூச்சை மட்டும் நிறுத்திடாதீங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர் முழிச்சிருக்கலாம். இங்க பேசறதைப் பாத்துப் பேசுங்க.”

யாரும் கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரம் மட்டும் புஸ், புஸ் என்றது.

அன்று சாயங்காலம் ஒரு விரல் அசைந்தது. இரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் என்னையே பார்த்தான்.

“அவ்வளவு நேரமும் கத்திக்கிட்டே இருந்தேன் மச்சான்” என்றான், காற்றுப் போன குரலில். “உனக்குத்தான் கேக்கல.”

தோலில்லாத மீனை இப்போது நான் வாங்குவதில்லை. அவன் கண்மூடிப் படுத்திருந்தால் அந்தப் பக்கம் போவதுமில்லை.