சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய காயலான் கடையில் வேலை. இரண்டாயிரம் பிறந்த பிறகு ஆபீஸ்காரர்கள் பழைய கம்ப்யூட்டர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். தகரம் தனி, செம்பு தனி, போர்டு தனி என்று பிரிக்க வேண்டும். ஒருநாள் உடைக்க எடுத்த பெட்டிக்குச் சும்மா கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். விசிறி சுற்றியது. ஒரு பீப் சத்தம் வந்தது. கறுப்புத் திரையில் எண்கள் மளமளவென்று ஏறின. அதற்கப்புறம் அதைச் சுத்தியால் அடிக்க எனக்குக் கை வரவில்லை. எடைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் ஏழு பெட்டி. முடிச்சூரில் எங்களுக்கு இருந்தது ஒரு முன்னறை, ஒரு சமையலறை. முன்னறையில் பாதி அவற்றுக்குப் போனது.

"இது வூடா, இல்ல உங்க கடையோட கிளையா?" என்பாள் மனைவி. "வர்றவங்க உக்கார எடம் இல்ல. பேசாம போர்டு மாட்டிடுங்க."

நான் ஐந்தாம் வகுப்பு. தமிழ் எழுத்துக்கூட்டி நன்றாகவே படிப்பேன். இங்கிலீஷ் தெரியாது. திரையில் வருவதை ஒரு நோட்டில் படம்போல வரைந்துகொள்வேன். இந்த வடிவம் வந்தால் மெமரி ஆடுகிறது, அந்த வடிவம் வந்தால் கீபோர்டு சொருகவில்லை. அவள் பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். பக்கத்து அறையில்தான் இருப்பாள். ஆனாலும் ஒருநாள்கூட, இது என்ன எழுதியிருக்கிறது என்று நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம்.

அந்த டைப்பிங் கடையை மூடுகிறார்கள் என்று எங்கள் முதலாளிக்குச் செய்தி வந்தது. சாமான் எடுக்க நான்தான் போனேன். கடைக்கார பாய் வயசாகித் தளர்ந்திருந்தார். ஓரத்து மேஜையில் இருந்த பெட்டியைக் காட்டி, "போன வாரம் வரைக்கும் ஓடுச்சுப்பா. பழைய கஸ்டமருங்க மனு எல்லாம் இதுலதான் கீது" என்றார். அதைத் தனியாக எடுத்துவைத்தேன். அவள் வேலை பார்த்த கடை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வீட்டில் வழக்கம்போல மூடியைக் கழற்றினேன். பழைய போர்டுகளில் சுண்டு விரல் பருமனில் ஒரு பேட்டரி இருக்கும். அது ஒழுகினால் பச்சை பூத்து போர்டையே தின்றுவிடும். அதனால் பெட்டி வந்த உடனே அதை வெட்டி எடுத்துவிடுவது என் பழக்கம். இதையும் வெட்டினேன். பிறகு சோப்புத் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு முன்பக்கத்தைத் துடைக்கப் போனேன்.

"அய்யோ, தொடைக்காதீங்க!"

கரண்டியோடு ஓடிவந்தாள். பெட்டியின் முகப்பில், சுவிட்சுக்கு மேலே, மஞ்சளும் சிவப்புமாகக் கறை படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

"நான் வெச்சதுங்க. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் குங்குமம் வெப்பேன். பாய் ஒண்ணும் சொல்ல மாட்டார். மானிட்டர்ல படாம வைம்மா, அவ்ளோதான்னு சொல்வார்."

பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கறையை விரலால் தடவினாள். "நம்ம கல்யாணப் பத்திரிகை மேட்டர் இதுலதான் அடிச்சேன். இன்னும் உள்ள இருக்குமா?"

எங்களிடம் பத்திரிகை ஒன்றுகூட இல்லை. ஒரு ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பமும் பத்திரிகையும் கூழாகிவிட்டன. அன்று அவள் அவற்றை வெயிலில் பரப்பி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது என் கண்ணிலேயே இருந்தது.

"இருக்கும். ஞாயித்துக்கிழமை ஓடவெச்சுக் காட்டறேன்" என்றேன். எதையும் உறுதியாகச் சொல்லாத ஆள் நான். அன்றைக்கு என்னவோ வாயில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீரீஸ் பல்பு போட்டு, ஷார்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுவிட்சைத் தட்டினேன். விசிறி ஓடியது, எண்கள் ஏறின, பீப் வந்தது. அதோடு நின்றது. நோட்டில் இருந்த வடிவம்தான் திரையில். ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை.

அப்போதுதான் வெட்டிய பேட்டரி ஞாபகம் வந்தது. உள்ளே இருக்கும் டிஸ்க் எந்த வகை என்று பெட்டிக்கு ஒரு நம்பர் கொடுத்துவைத்திருப்பார்கள். அந்த நம்பரைப் பெட்டி ஞாபகம் வைத்திருப்பதே அந்தப் பேட்டரியின் பலத்தில்தான். என்னிடம் இருந்த மற்ற ஏழு பெட்டியிலும் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. வெட்டினாலும் நஷ்டமில்லை. இது போன வாரம் வரை ஓடிய பெட்டி. நம்பரைக் குறித்துவைக்காமல் வெட்டிவிட்டேன். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டும் கிழிந்துபோயிருந்தது.

அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அதை ஏன் வெட்டினீங்க?"

"பழக்கம்."

அவள் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம்கூட இல்லை.

பிறகு எழுந்து போய் சமையலறை வாசலில் நின்றேன். "கொஞ்சம் வந்து படிச்சுச் சொல்றியா? எனக்குத் தெரியல" என்றேன். இதைச் சொல்ல எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணுலேர்ந்து நாப்பத்தாறு வரைக்கும் நம்பர் கேக்குது. நாப்பத்தாறுல ஒண்ணுதானே? போட்டுப் பாத்துடலாம்."

அவள் நம்பரை மாற்றுவாள், பெட்டி மறுபடி முதலிலிருந்து கிளம்பும், நான் காதை டிஸ்க் பக்கம் வைத்துக் கேட்பேன். தப்பான நம்பர் என்றால் டொக், டொக் என்று இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றுவிடும். நோட்டில் அந்த நம்பரின் மேல் கோடு போடுவேன். பதினொன்றாவது நம்பரில் கரண்ட் போய்விட்டது. வந்ததும், பேட்டரி இல்லாத பெட்டி எல்லாவற்றையும் மறந்திருந்தது. மறுபடி தேதியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

"என்ன வருஷம்னு கேக்குது. நம்ம கல்யாண வருஷத்தையே குடுத்துடவா?" என்று சிரித்தாள். எனக்குப் போன உயிர் வந்தது.

சாப்பாடு தள்ளிப்போனது. முப்பது தாண்டியது. முப்பத்தெட்டில் டொக், டொக் வரவில்லை. கறகறவென்று, எலி அரிசி மூட்டைக்குள் புகுந்ததுபோல ஒரு சத்தம்.

"புடிச்சிருச்சு" என்றேன்.

அதன்பிறகு அவள் விரல்கள் தானாக ஓடின. இத்தனை வருஷமாக இட்லி மாவும் துணி சோப்பும் பார்த்த விரல்கள். வரிசையாக இங்கிலீஷில் ஃபைல் பெயர்கள் ஏறின. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும். ஒரே மாதிரி இரண்டு பெயர் வந்தன. ஒன்றின் கடைசியில் ஒன்று என்ற எண், இன்னொன்றின் கடைசியில் இரண்டு. அவள் இரண்டில் முடிவதைத் திறந்தாள்.

தமிழில் திரை நிறைந்தது. மேலே பிள்ளையார் சுழி. என் அப்பா பெயர், அவள் அப்பா பெயர், நடுவில் நாங்கள். மழையில் போன அதே பத்திரிகை. அவள் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள்.

"அந்த ஒண்ணாம் நம்பர் என்ன?" என்றேன்.

"அது சும்மா. பழசு. தப்பா அடிச்சது."

"காட்டேன்."

"ஒண்ணுமில்லங்க, விடுங்க."

நான் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தேன். அவளே பெருமூச்சுவிட்டுத் திறந்தாள்.

எல்லாம் அதேதான். ஒரு வரி மட்டும் நீளம். அவள் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர், தமிழ், ஆங்கிலம் என்று இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் விட மாட்டார்கள். தையல் பாஸ் பண்ணியிருந்தால் அதையும் போடுவார்கள். எங்கள் பத்திரிகை அச்சாகி வந்தபோது இரண்டு பேர் பக்கத்திலும் ஒன்றும் இல்லாததைப் பார்த்து எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. மண்டபத்தில் அவள் மாமா ஒருவர், "ஏம்மா, கஷ்டப்பட்டு ஹையர் பாஸ் பண்ணியே, அதைப் போடலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "மறந்துட்டேன் மாமா" என்றாள். அவள் அப்பாவுக்குக்கூட அதில் கோபம். நானும் மறந்துவிட்டாள் என்றே நம்பினேன்.

"புரூஃப் எடுத்துப் பாத்தேன்" என்றாள் திரையைப் பார்த்தபடி. "உங்க பேரு தனியா நிக்கற மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன். அவ்ளோதான்."

எழுந்துபோய், கடையிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டிருந்த, ரிப்பனில் ஊசி குத்தி அச்சடிக்கும் பழைய பிரிண்டரை இறக்கினேன். ரிப்பன் காய்ந்திருந்தது. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கையால் சுற்றி ஊறவைத்தேன்.

"ஒண்ணை அடி" என்றேன். "பழசை."

"இப்ப யாருக்குக் குடுக்க?"

"மாப்பிள்ளைக்கு யாரும் பத்திரிகை வெக்கறதில்ல. எனக்கு வை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கீயைத் தட்டினாள். பிரிண்டர் கிரீச் கிரீச் என்று தெருவுக்கே கேட்கும்படி அடித்தது. எழுத்து முதலில் மங்கல், போகப்போகத் தெளிவு. அவள் காகிதத்தின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட பட்டையைக் கிழித்தாள். சமையலறைக்குப் போய் மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தடவினாள். தாம்பாளம் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. சாப்பாட்டுத் தட்டிலேயே வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடும்பத்தோட வந்துடணும்" என்றாள்.

"அவசியம் வரேன்" என்று வாங்கிக்கொண்டேன்.