கெண்டிக்குள் ஏழு போன்கள்

மணப்பெண்ணை ஏற்றிய கார் அந்தச் சனிக்கிழமை நடுப்பகலில் மலை மேய்ச்சல் வெளியிலிருந்து சூசமீர்ச் சாலையில் இறங்கியது. அது கிளப்பிய புழுதி அடங்குமுன் புருல்ச்சா காலிக் கெண்டியோடு தன் கூடார ஆட்களிடம் வந்துவிட்டாள்.

"போடுங்கப்பா, போனை எல்லாம் உள்ள போடுங்க. காதுக்குள்ள ஒருத்தன் பேசிக்கிட்டிருந்தா கை தப்பாத்தான் போவும்."

ஆறு போன்கள் விழுந்தன. ஏழாவதாகத் தன்னுடையதையும் போட்டு மூடினாள்.

விழாக்களுக்கு வட்டக் கூடாரம் வாடகைக்கு விடுகிறவள். கூடாரம் எழுப்பும்போது ஓரமாக உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். பிரிக்கும்போதுதான் எழுந்து வருவாள். "கட்டுறப்ப எல்லாருக்கும் பயம் இருக்கும். பிரிக்கிறப்ப வயிறு ரொம்பியிருக்கும், கண்ணு வீட்டைப் பாத்துக்கிட்டிருக்கும்" என்பாள். அவளுடைய இடது சுண்டுவிரல் நசுங்கியது அப்படியொரு பிரிப்பில்தான். புது ஆள் வந்தால், கூலி பேசுமுன் அந்த விரலைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். "ஏழு பேரா வந்தா ஏழு பேரா போவணும்." அவளுடைய தொழில் முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான்.

அன்று மேல்கம்பளங்களை உருவியாகிவிட்டது. கூரைக் கழிகளை எதிரெதிராக, சோடி சோடியாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆள் கனமுள்ள உச்சி வளையம் இரண்டு கவைக்கோல்களை நம்பி நின்றது. மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. அப்போது பெண்ணின் சித்தப்பா குபாத் ஓடிவந்தான். கூடாரத்துக்குள், எதிர்ச்சுவர்த் தட்டியில் அவனுடைய வெள்ளைக் கம்பளித் தொப்பி தொங்கியது.

"ரெண்டே எட்டு அக்கா, எடுத்துட்டு வந்துடறேன்."

"தொப்பி தொங்கட்டும் தம்பி. தலை இருந்தாத்தான் தொப்பி."

"அது மாமனார் எனக்குப் போட்டுவிட்டது. அவருக்கு யாரு பதில் சொல்றது, நீங்களா?"

"நான்தான். வரச் சொல்லு. உன் பொண்டாட்டிக்குப் பதில் சொல்றதுக்கு அவரு எவ்வளவோ தேவல."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சந்தடியில் அவன் குனிந்து உள்ளே நுழைந்தான். புருல்ச்சா அவன் இடுப்பு வாரைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள், புல்லில் மல்லாந்தான். அதே மூச்சில் காற்று அடித்தது. ஒரு கவைக்கோல் நழுவியது. வளையம் சரிந்து, தொப்பிக்குப் போகும் வழியில் விழுந்து, மண்ணைப் பெயர்த்தது.

அவள் தலைகளை எண்ணினாள். "ஏழு. இந்தத் தொப்பிக்காரனோட எட்டு." வளையத்தில் விரிசல். அதை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "இதுக்குத் தச்சன் இருக்கான்." பிறகு நிதானமாக உள்ளே நடந்துபோய்த் தொப்பியை எடுத்துத் தூசி தட்டி, இன்னும் எழாத குபாத்தின் தலையில் வைத்தாள்.

அடுத்த வருடக் கோடையில், வேறொரு மேய்ச்சல் வெளியில், பிரிக்கத் தொடங்குமுன் அவள் போன் ஒலித்தது. குபாத் ஒரு படம் அனுப்பியிருந்தான், கல்யாணப் படக்காரன் எடுத்தது. அவன் மகன் கல்யாணம் முடிந்து, பாதி பிரித்த கூடாரம். தலையில் அதே தொப்பி, கையில் ஒரு கெண்டி. கீழே ஒரு வரி: "அக்கா, ஒன்பது பேரா வந்தோம்."

புருல்ச்சா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். உச்சி வளையத்துக்குக் கீழே யாராவது நிற்கிறார்களா என்று தேடினாள், வெறும் புல். ஓரத்தில் நின்ற தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்பது வந்ததும் போனைக் கெண்டிக்குள் போட்டு மூடினாள்.