லைட் செட் பொற்கொடி

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே குனிந்து, தரையில் அடித்திருக்கும் எர்த் கம்பியை ஆட்டிப் பார்க்கிறார் பொற்கொடி. அசைந்தால், "இத எவன் அடிச்சது? கொடியேத்தவா நட்டீங்க?" என்று கேட்டபடியே சுத்தியலை எடுக்கிறார். அதற்குப் பிறகுதான் வணக்கம், தண்ணீர், நலம் விசாரிப்பு எல்லாம்.

திருவரங்குளம் வட்டாரத்தில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மைக்கும் விளக்கும் கட்டுவது அவர் தொழில். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சுடிதாருக்கு மேல் முழுக்கைச் சட்டை, பையில் டெஸ்டர், முடியை இறுக்கிக் கட்டக் கறுப்பு இன்சுலேஷன் டேப். வலக்கை ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. விராலிமலைப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தலில் கரண்ட் இறங்கியிருந்த இரும்புக் கம்பத்தைத் தொட்ட கை அப்படியே ஒட்டிக்கொண்டது.

"கால் வழுக்கி விழுந்தேன், கை விட்டுச்சு. வழுக்கலைன்னா அன்னைக்கே எம் போட்டோவுக்கும் சீரியல் செட்டு போட்டிருப்பாய்ங்க" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

அதற்கப்புறம் ஒரு பெட்டி வாங்கினார். ஜெனரேட்டருக்கும் விளக்குகளுக்கும் நடுவில் அதைப் பொருத்துகிறார். ஈரத்திலோ இரும்பிலோ எங்காவது கரண்ட் கசிந்தால், கண் இமைப்பதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிடும். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது. உடனே அவர் போனுக்குச் செய்தி வரும். அவர் போனில் சம்மதம் கொடுத்தால்தான் மறுபடி எரியும். அந்தச் செய்திக்கென்று பஸ் கண்டக்டர் ஊதும் விசிலை வைத்திருக்கிறார். பெட்டியை 'இவன்' என்றுதான் சொல்வார். "இவன் யாரு மூஞ்சியவும் பாக்க மாட்டான்."

ஊர்க்காரர்களுக்கு இவனைப் பிடிப்பதில்லை. சாரல் அடித்தாலே ஊர் இருட்டாகிவிடுகிறது என்று புகார். இந்த வருஷம் இரண்டு ஊர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன.

வைகாசியில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். பொழுது சாய்ந்து, பாட்டுக் கச்சேரி தொடங்கும் நேரம். லேசாகத் தூறல் விழுந்தது. பொற்கொடியின் பையில் விசில் ஊதியது. மேடை, வாசலில் நின்ற இரும்பு ஆர்ச், கடைத்தெரு எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. கூட்டம் ஊளையிட்டது.

விழாக் கமிட்டித் தலைவர் ஐயனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னம்மா இது, மானம் போகுது! போடுங்க."

"எங்கயோ லீக் ஆகுதுங்க. கண்டுபிடிச்சுட்டுப் போடுறேன்."

ஜெனரேட்டர் ஓட்டும் அருள்தாஸ் கட்டிங் பிளேயரோடு வந்தார். "அண்ணே, பெட்டியக் கழட்டிட்டு ஒயர டைரக்டா குடுத்துர்றேன். ரெண்டு நிமிஷ வேலை."

பொற்கொடி பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார். "தாராளமாக் குடுங்க. ஆனா ஒரு கையால அந்த ஆர்ச்சப் புடிச்சுக்கிட்டுக் குடுங்க. அண்ணன் மேடைக் கம்பியப் புடிச்சுக்கட்டும்."

அருள்தாஸ் ஐயனாரைப் பார்த்தார். ஐயனார் மேடைக் கம்பியைப் பார்த்தார். கட்டிங் பிளேயர் பைக்குள் போனது.

"அடுத்த வருஷம் இந்த ஊருக்குள்ள ஒன் லைட்டு எரியாது" என்றார் ஐயனார். அதுவரை இருந்த மரியாதை காணாமல் போயிருந்தது.

"அடுத்த வருஷம் ஆள மாத்திக்கங்க. இந்த வருஷம் நாந்தான்."

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ஒவ்வொரு ஒயராகப் பிரித்துவிட்டு, போனில் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். போட்டதும் அணைந்தது, மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர், "ஏக்கா, கரண்டு பில்லு கட்டலையா?" என்றார். சிரிப்பு அலையடித்தது. பொற்கொடி திரும்பவில்லை. அடுத்த ஒயரைப் பிரித்தார்.

ஆர்ச்சுக்குப் போகும் ஒயரைப் பிரித்த பிறகு பெட்டி அணையவில்லை. டார்ச்சோடு ஆர்ச்சின் அடிக்குப் போனார். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் யாரிடமும் சொல்லாமல் சீரியல் விளக்கிலிருந்து ஒரு ஒயர் இழுத்திருந்தார். ஒட்டுப் போட்ட இடத்தில் பாலித்தீன் பையைச் சுற்றியிருந்தார். பைக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. செம்புக் கம்பி ஆர்ச்சின் இரும்புக் காலோடு ஒட்டிக் கிடந்தது. சாயங்காலத்திலிருந்து பாதி ஊர் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றியது.

ஒட்டை வெட்டி எறிந்தார். பிரித்த ஒயர்களையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டுப் போனைத் தட்டினார். ஊர் வெளிச்சமானது.

ஐயனார் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "லைட் செட்காரங்க கோளாறால தாமதமாயிருச்சு. பொதுமக்கள் பொறுத்துக்கணும்."

அவர் முடிப்பதற்குள் பொற்கொடி மேடையில் இருந்தார். கையுறையோடு மைக்கை வாங்கினார். "கோளாறு இல்லைங்க. நாந்தான் நிறுத்துனேன். ஆர்ச்சுல கரண்டு எறங்கியிருந்துச்சு. இன்னொரு தூத்தல் விழுந்து லீக் ஆனாலும் நிறுத்துவேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது. "பாட்டப் போடுங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். மைக்கை ஐயனார் கையில் திணித்துவிட்டு இறங்கினார் பொற்கொடி.

பாட்டு தொடங்கியது. கமிட்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து பெட்டியோடு ஒட்டிப் போட்டார். மேடைக்கு முதுகைக் காட்டி, ஜெனரேட்டர் பக்கம் நின்ற அருள்தாஸுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.