மண்ணுக்குள் இல்லாத கம்பி

செஞ்சியில் எங்கே கடப்பாரையைப் போட்டாலும் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறைதான் முட்டும். இதை அந்த விமான மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பட்டணத்திலிருந்து கொண்டுவந்திருந்த இரும்பு முளையை ஏரிக்குள் நட்டுத் தானே சம்மட்டியால் அடித்துப் பார்த்தார். நாலாவது அடியில் முளை வளைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசினார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம் அது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைப் பயிரில் கம்பளிப்புழு விழுந்து, ஊரைச் சுற்றிலும் கொல்லைகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. வானத்திலிருந்து மருந்து தெளிக்கச் சின்ன விமானம் ஒன்று வருகிறது என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கருவேல முள்ளை வெட்டி எடுத்துத் தரையைச் சமப்படுத்தினார்கள். விமானம் இறங்க அதுவே போதுமாக இருந்தது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஒயர்மேன் பர்மிட் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் காலனியில் அந்தக் காகிதத்தை வாங்கிய முதல் ஆள் நான். என் நைனா மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குபவர். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்தப் பர்மிட்டைத் தலைகீழாகப் பிடிக்காமல் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

விமானத்துக்கான பெட்ரோல் பேரல்களைக் கொண்டுவந்து இறக்கி, காவல் பார்க்கிற பொறுப்பு என் சிநேகிதனுடையது. கடைவீதியில் அவர்களுக்குப் பெரிய எண்ணெய்க் கடை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஏழு வருடம் ஒரே பெஞ்சு. தனியாக இருக்கும்போது வாடா, போடா. அவன் அப்பா கடையில் உட்கார்ந்திருந்தால் நான் அவனை ‘வாங்க’ என்பேன், அவன் என்னை ‘வாடா’ என்பான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரியில் எர்த் போடும் வேலைக்கு என் பெயரைச் சொன்னவனும் அவன்தான்.

லைனே இல்லாத ஏரிக்குள் எர்த் எதற்கு என்று முதல் நாள் எனக்குச் சிரிப்பு. கம்பம் இல்லை, மோட்டார் இல்லை, கரண்ட் எங்கிருந்து வரும்? மெக்கானிக் என் சிநேகிதனைத் தார்ப்பாய்க் கொட்டகைக்குள் கூப்பிட்டு, அவன் போட்டிருந்த புது நைலான் சட்டையைக் கழற்றச் சொன்னார். இருட்டில் சட்டை படபடவென்று பொறிந்தது. அவன் கைமயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

“சட்டைக்கே இவ்ளோ கரண்டு,” என்றார் மெக்கானிக். “பெட்ரோலு குழாயில ஓடும்போதும், வடிகட்ற தோலு வழியா எறங்கும்போதும் இதே மாரி சேரும். பிளேனு ரப்பர் சக்கரத்து மேல நிக்குது. சேந்தது எங்க போவும்? குழா மூக்கு டேங்கு வாயாண்ட வரும்போது ஒரு குதி குதிக்கும். அங்க பெட்ரோலு ஆவி இருக்குது. அவ்ளோதான்.”

அதைத் தடுக்க வழி மிகவும் எளிது. பேரல், கைப்பம்பு, குழாயின் பித்தளை மூக்கு, விமானம், எல்லாவற்றையும் ஒரே செம்புக்கம்பியில் கட்டி, அந்தக் கம்பியை மண்ணில் இறக்கிவிட வேண்டும். எல்லாம் ஒன்றாகிவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்க எதுவும் இல்லை. டேங்க் மூடியைத் திறப்பதற்கு முன்பே கட்ட வேண்டும், ஊற்றி மூடிய பிறகே அவிழ்க்க வேண்டும். இந்த ஒரு வரியை அவர் எங்களிடம் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை.

விமானம் நிற்கும் இடத்தில் பாறை. நாற்பது தப்படி தள்ளி, பேரல் கொட்டகை இருந்த கரையோரத்தில்தான் ஆழமான மண் கிடைத்தது. அங்கே குழி வெட்டி, செப்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கிணற்று மோட்டாருக்குச் செய்கிற அதே வேலைதான். கொட்டகையில் இருந்த பேரல், பம்பு, நீளக் குழாயின் மூக்கு மூன்றையும் அந்தத் தகட்டோடு கட்டினேன். விமானத்துக்காகத் தகட்டிலிருந்து அது நிற்கும் இடம் வரைக்கும் ஏழு புரிச் செம்புக்கம்பி இழுத்து, முனையில் குட்டை முளையடித்துக் கிளிப்பு மாட்டினேன். அந்தக் காலத்தில் செம்புக்கம்பி கண்ணில் காணக் கிடைக்காது. அது பட்டணத்திலிருந்து விமானத்துக்கென்றே வந்தது.

விமானத்தைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது. மேல்மலையனூர் போகிற பஸ்ஸைக்கூட நிறுத்தி இறங்கி வந்தார்கள். வருகிறவர்களெல்லாம் கம்பியில் கால் தடுக்கி விழுந்தார்கள், ஆடுகள் இழுத்தன. கம்பியை ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. மெக்கானிக் முகத்தைச் சுளித்தார்.

“கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் நல்லது,” என்றார்.

“தெனம் பேட்டரியும் பல்பும் வச்சுப் பாத்துடலாம் சார்,” என்றேன். இரு முனைக்கும் நடுவே தனியாக ஒரு ஒயர் போட்டு அதில் பேட்டரியையும் டார்ச் பல்பையும் சேர்த்தால், கம்பி முழுசாக இருந்தால் பல்பு எரியும். அவர் ஒத்துக்கொண்டார்.

நாலு நாள் நானே சோதித்தேன். பல்பு ஒழுங்காக எரிந்தது. நாலாம் நாள் சாயங்காலம் மெக்கானிக் தன் சிகரெட் பெட்டியின் அட்டையில் என் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார். பட்டணத்து விமானக் கொட்டகையில் எலக்ட்ரிக் வேலைக்கு ஆள் எடுக்கப்போவதாகவும், என்னைச் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். நான் தரையில் நடந்து வீட்டுக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. நைனாவிடம் சொன்னதும் அவர் மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆடி அமாவாசை. விமானம் பறக்கவில்லை, பைலட்டும் மெக்கானிக்கும் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார்கள். ஊரில் பாதிப் பேர் மேல்மலையனூர்க் கோயிலில். மத்தியானம் சிநேகிதன் சைக்கிளில் வந்தான்.

“தொண்டூர்ல எங்க மாமனாரு கெணத்துக்கு மோட்டாரு வந்துட்டுது. நாளைக்குக் கரண்டு ஆபீசரு பாக்க வர்றாரு. எர்த் இல்லாம கனெக்சன் குடுக்கமாட்டாராம். நீ வந்து முடிச்சுக் குடுத்துடு.”

“ஒயரு?”

“பாண்டிச்சேரிலேர்ந்து வாங்கியாந்துட்டேன்.”

போனேன். மோட்டார் கொட்டகையில் செம்புக்கம்பி சுருளாகக் கிடந்தது. நல்ல கம்பி. புரிகளுக்கு நடுவே செம்மண் ஒட்டியிருந்தது. கீழே போட்டு இழுத்திருப்பான் என்று நினைத்து, என் வேட்டி முனையாலேயே சுத்தமாகத் துடைத்தேன். பிறகு என் வழக்கப்படி மூன்று புரியை இடப்பக்கமும் நாலு புரியை வலப்பக்கமும் முறுக்கிக் கட்டினேன். அப்படிக் கட்டுகிற ஒயர்மேன் அந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு. வேலை முடிந்ததும் அவன் மாமியார் வாழையிலையில் வடையும் பாயசமும் போட்டார்கள். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தான்.

மறுநாள் காலை நான் ஏரிக்குப் போகும்போதே விமானம் தயாராக நின்றது. பல்பை எடுக்கக் கொட்டகைக்குப் போனேன்.

“நான் விடியற்காலையிலயே போட்டுப் பாத்துட்டேன்,” என்றான் சிநேகிதன். “எரியுது. போ, நேரமாவுது.”

அவன் பார்த்துவிட்டேன் என்றால் பார்த்ததுதான். ஏழு வருடம் அவன் போட்ட கணக்கைத்தான் நான் பார்த்து எழுதினேன். விமானத்தில் கிளிப்பை மாட்டினேன். மெக்கானிக் இறக்கை மேல் ஏறிக் கிளிப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மூடியைத் திறந்தார். நான் கொட்டகையில் கைப்பம்பை அடித்தேன். ஆடிக் காற்று இன்னும் விடவில்லை, உலர்ந்த காற்று. பேரலில் பாதி ஏறியிருக்கும். அவர் குழாயின் மூக்கை வெளியே எடுத்தார். ‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம்.

தீ டேங்க் வாயில் நின்று எரிந்தது. அவர் ஓடவில்லை. எரிகிற வாயில் மூடியை வெறுங்கையால் வைத்து அழுத்தித் திருகினார். நாங்கள் மணல் வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். துணி போர்த்திய இறக்கை ஒரு பாய் அகலத்துக்குக் கருகிப்போய், தீ அணைந்தது. அவருடைய வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. அவர் அந்த மூடியை மூடாமல் இருந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அவரை ஏற்றிய பிறகு, முளையடியில் இருந்த கம்பியைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. கொட்டகைப் பக்கம் ஓடிப்போய் இழுத்தேன். அங்கேயும் ஒரு முழம்தான். நடுவில் நாற்பது தப்படிக்கு வெறும் மண். மிதித்துச் சமப்படுத்தியிருந்தது.

நிமிர்ந்து சிநேகிதனைப் பார்த்தேன். அவன் கண்ணை விலக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தொண்டூரில் என் வேட்டியால் நான் எதைத் துடைத்தேன் என்பதும் புரிந்தது. கோபம்கூட வரவில்லை, அது பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்து டிராவலர்ஸ் பங்களாவில் உட்கார்ந்தார். மெக்கானிக் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கம்பியைப் புதைத்தது யார் என்று கேட்டார் அதிகாரி. நான் என்றேன். புதைக்கச் சொன்னது யார்? அதுவும் நான்தான். தினமும் பார்க்க வேண்டியது யார்? நான்.

“கம்பி எங்கே?”

“தொண்டூர்ல இருக்குது சார், இவங்க மாமனாரு கெணத்துல,” என்றேன். சிநேகிதனைக் கையைக் காட்டினேன். இனி உண்மை வெளியே வந்துவிடும் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்படி ஒரு முட்டாள் நான்.

எல்லோரும் ஜீப்பில் தொண்டூருக்குப் போனோம். அதிகாரி மோட்டார்க் கொட்டகையில் குனிந்து கம்பியைப் பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்தார். தான் கொண்டுவந்த கம்பிதான் என்றார். பிறகு கட்டைப் பார்த்தார். ஏரியில் நான் போட்ட கட்டுகளை நாலு நாளும் பார்த்தவர் அவர்.

“இது இவன் கட்டுதான்,” என்றார். பொய் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அதிகாரி சிநேகிதன் பக்கம் திரும்பினார். அவன் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக, துளிகூடக் குரல் உயர்த்தாமல் சொன்னான்:

“எர்த் போட ஆளு வேணும்னு கூப்ட்டேன் சார். ஒயரு இவன்தான் கொண்டாந்தான். எங்கேர்ந்து கொண்டாந்தான்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும். என் தப்புதான்.”

என் தப்புதான் என்றான் பாருங்கள். அந்த ஒரு வார்த்தையில் அங்கே நின்றவர்கள் எல்லோரும் உருகிவிட்டார்கள். நான் கத்தினேன். பாண்டிச்சேரியில் வாங்கியதாக இவன்தான் சொன்னான் என்றேன். பல்பு எரிந்தது என்று இவன்தான் சொன்னான் என்றேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது திருடன் பேச்சாகக் கேட்டது. ஒருவரும் மறுக்கவில்லை. கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவர்களுக்கு எல்லாம் சரியாகப் பொருந்திப் போயிற்று. காலனிப் பையன், கைக்கு எட்டும் தூரத்தில் செம்புக்கம்பி. இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

கிணற்றுப் பக்கம் ஒரு நிமிடம் அவன் தனியாகக் கிடைத்தான். சட்டையைப் பிடித்தேன்.

“ஏண்டா?”

“உன்னச் சொன்னேன், யாராச்சும் ஆச்சரியப்பட்டாங்களா?” என்றான் மெதுவாக. “என்னச் சொல்லியிருந்தா எங்க கடை, எங்க மாமனாரு வூடு, எல்லாம் போயிருக்கும். உனக்கு நான் பாத்துக்கறேன். கைய எடு, பாக்கறாங்க.”

அவன் பொய் சொன்னதைக்கூட நான் ஒருவாறு தாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கணக்கு சரியாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஏழு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபத்து வந்தால் என் மேல் எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் அவன் தெரிந்துவைத்திருந்தான். கையை எடுத்துவிட்டேன்.

சொன்னபடியே அவன் என்னைப் பார்த்துக்கொண்டான். சாயங்காலம் பங்களா வாசலில், தகவல் கேட்டு மண்டியிலிருந்து ஓடிவந்திருந்த நைனாவின் முன்னால், அதிகாரியிடம் எனக்காகக் கெஞ்சினான். போலீசுக்குக் கொடுக்க வேண்டாம், என்னோடு படித்தவன், தெரியாமல் செய்துவிட்டான், கம்பியை நானே கழற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். போலீஸ் வேண்டாம், பர்மிட்டை மட்டும் ரத்து செய்ய எழுதுகிறேன் என்றார் அதிகாரி. மெக்கானிக் ஜீப்பில் ஏறும்போது இடது கையால் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிகரெட் அட்டையை எடுத்து, பார்த்துவிட்டு, கீழே போட்டார். வெந்துபோன அந்தக் கையையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நைனா என் சிநேகிதனிடம் போனார். அவனுக்கு என் வயது, அவருக்கு ஐம்பதுக்கு மேல். அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். “நீங்க இல்லன்னா எம் புள்ள கம்பி எண்ணியிருப்பான் சாமி,” என்றார். அவன் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. கொடுத்துக்கொண்டு நின்றான்.

நானும் நைனாவும் வீட்டுக்கு நடந்தோம். கடைவீதியில் யாரும் எங்களைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் நான் சொன்னேன்:

“நான் எடுக்கல நைனா.”

அவர் நிற்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. மூட்டை தூக்கித் தூக்கி ஒருபக்கம் சாய்ந்துபோன தோளோடு முன்னால் நடந்துகொண்டே, திட்டாமல், அன்பாகவே சொன்னார்:

“சரி வுடு. இனிமே எடுக்காத.”