வராத ஐந்தாம் பாகம்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரு பைத்தியம் பிடித்தது. அந்தப் பைத்தியத்தின் பெயர் செவ்வந்தி. பள்ளிக்கூட நூலகம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட இரும்பு பீரோவில் அவளைப் பற்றி நான்கு புத்தகங்கள் இருந்தன. 'ஓலைக்காரர் மகள்' என்று பெயர். சிறுமிகளுக்கான சரித்திரக் கதை வரிசை என்று அட்டையிலேயே போட்டிருக்கும். சரித்திரப் பாடத்தைக் கண்டால் தூங்கி விழுகிற நாங்கள் அந்த நான்கையும் அட்டை கிழியக் கிழியப் படித்தோம்.

கதை நாயக்கர் காலத்தில் நடக்கிறது. ஒரு பாளையத்துக் கோட்டையிலிருந்து ஊர் ஊராக ஓலை கொண்டுபோகிறவருக்குக் கால் முறிந்துவிடுகிறது. அவருடைய பன்னிரண்டு வயது மகள் செவ்வந்தி தலைப்பாகை கட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பதிலாக ஓடுகிறாள். பாகத்துக்கு ஒரு ஓலை. வழியில் வெள்ளம், திருடன், யானை எல்லாம் வரும். ஓலை மட்டும் நனையாது. இடைவேளையில் நாங்களும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பழைய கேள்வித்தாளைச் சுருட்டி இடுப்பில் செருகி, சத்துணவுக் கூடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் ஓடினோம்.

நான்காம் பாகத்தில் செவ்வந்தி வளர்ந்துவிடுகிறாள். கல்யாணம் நிச்சயமாகிறது. கோட்டைக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருக்க, இவள் கடைசி ஓலையோடு மலையடிவாரத்தில் வந்து நிற்கிறாள். 'செவ்வந்தி மலையை அண்ணாந்து பார்த்தாள்' என்பதோடு புத்தகம் முடிந்துவிட்டது. பின்னட்டையில் 'ஐந்தாம் பாகம் விரைவில்' என்று இருந்தது. அந்த 'விரைவில்'லை நம்பி வெள்ளிக்கிழமைதோறும் பீரோ முன்னால் போய் நின்றேன். "நான் என்ன வச்சுக்கிட்டா இல்லேங்கிறேன்? இன்னும் அச்சே போடலயாம்" என்று டீச்சர் அலுத்துக்கொண்டார். மலையேறினாளா, கோட்டைக்குத் திரும்பிக் கல்யாணம் பண்ணிக்கொண்டாளா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னைவிட அதிகமாகச் செவ்வந்தியைப் பற்றி விசாரித்தது என் அத்தை. அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். தினமும் விடிவதற்கு முன் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்புவாள். வந்ததும் வெந்நீரில் காலை நனைத்துக்கொண்டு, "ம், இன்னைக்கு எது வரைக்கும் படிச்ச?" என்பாள். நான் கைகாலை ஆட்டிக் கதை சொல்வேன். அத்தை கேட்கிற கேள்விகள்தான் வினோதமாக இருக்கும். செவ்வந்தி மூன்று நாள் ஓடினாளே, துணிமணிக்கு என்ன செய்தாள்? அட்டை கடித்தால் எதை வைத்து எடுத்தாள்? மூன்றாம் பாகத்தில் அவள் ஏல மரத்தில் ஏறிக் காய் பறித்தாள் என்று வந்தபோது, அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏலக்காய், செடியின் காலடியில் தரையோடு தரையாகச் சரத்தில் கிடக்கும். "மரத்துல ஏறுனாளாமா! எழுதுனவரு ஒரு நாளு எங்க கூட ஜீப்புல வந்திருக்கலாம்ல."

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். இருவரும் ஒரே அறையில் இருக்கும்போதே, "உங்கத்தையச் சாப்பிடச் சொல்லு" என்று அப்பா என்னிடம் சொல்வார். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்று அத்தை என்னிடமே சொல்வாள். இரண்டு பேர் காதிலும் இரண்டும் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் அது சொன்னதாகக் கணக்கு. அண்ணன் தங்கை என்றால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழியும் இல்லை.

காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு நாள் அத்தையோடு மலைக்குப் போக அடம்பிடித்தேன். அம்மா இரண்டு சட்டை போட்டு அனுப்பினாள். ஜீப்பில் பத்துப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் யாராவது ஒருத்தி மடியில் போய் விழுந்தேன். தோட்டத்தில் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, ஆளுக்கொரு செடியாக வரிசையில் குந்தினார்கள். எனக்கு ஒரு சாக்கை விரித்துப் போட்டார்கள். கை ஓடுகிற வரைக்கும் வாய் ஓடுவதைப் பற்றிக் கங்காணிக்குக் கவலை இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தலையில் துண்டு கட்டிய ஒரு அக்கா குரல் கொடுத்தாள். "என்ன மதினி, அவள அடிவாரத்துலயே நிப்பாட்டி மூணு நாளாச்சு. மேல ஏத்துங்க, பாவம், கால் கடுக்கும்ல."

"யாரை?" என்றேன்.

"செவ்வந்தியத்தான் தாயி. அஞ்சாம் பாகம் ஓடிக்கிட்டிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீச்சருக்கே கிடைக்காத ஐந்தாம் பாகம் அத்தைக்கு எப்படிக் கிடைத்தது? எந்தப் பயலோ எஸ்டேட் பங்களாவுக்கு வாங்கி வந்திருப்பான், இவள் படித்துவிட்டு என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்தேன். கோபத்தையும் மீறிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அத்தை செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று விடியற்காலையில், நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு, மலைக்குப் போகிற ஆட்களோடு ஆட்களாகச் செவ்வந்தி மேலே ஏறிவிட்டாளாம். மாப்பிள்ளை கெட்டவன் ஒன்றும் இல்லையாம். ஆனால் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். செக்போஸ்ட் பக்கம் மழைக்கு ஒதுங்கினாளாம்.

"அந்தக் காலத்துல செக்போஸ்ட் ஏது அத்தை?" என்றேன்.

வரிசையே கொல்லென்று சிரித்தது. துண்டு கட்டிய அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புள்ள கேக்குறது ஞாயந்தான" என்றாள் இன்னொருத்தி. அத்தையும் சிரித்தாள். பிறகு, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் போய்ச் செவ்வந்தி ஒளிந்துகொண்டாள் என்றும், அங்கே இருந்த பெண்கள் அவள் காலிலிருந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டு, பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள் என்றும் சொன்னாள். நாயக்கர் காலத்தில் கட்டஞ்சாயா! நான்கு பாகம் வரைக்கும் ஒழுங்காக எழுதிய ஆளுக்கு ஐந்தாம் பாகத்தில் புத்தி கெட்டுப்போய்விட்டது என்று எனக்குப் பட்டது. போதாததற்கு, இதுவரை இல்லாத ஒரு அண்ணன் வேறு வந்து சேர்ந்தான். அம்மா அப்பா இல்லாமல் செவ்வந்தியை வளர்த்தவன் அவனாம். அவள் அப்பா கால் முறிந்து கட்டிலில் கிடந்தாரே, அவர் எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வரிசையில் எல்லாரும் அத்தை பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"அண்ணன் தேடி வந்தானா மதினி?" என்று அந்த அக்கா மெதுவாகக் கேட்டாள்.

அத்தை ஒரு சரத்தை முழுசாக உருவிக் கூடையில் போட்டாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள். "அந்தப் பக்கத்தக் காணோம். கிழிஞ்சிருக்கு" என்றாள்.

சாயங்காலம் ஜீப்பில் வரும்போது புத்தகத்தைக் கேட்டு நச்சரித்தேன். புத்தகமே இல்லை என்றாள். கிழிந்ததையாவது காட்டு என்றேன். என் தலையைத் தன் தோளில் சாய்த்து, "பேசாம வா ஆத்தா, வளைவு வருது" என்றாள். எனக்கு அழுகை முட்டியது. கல்யாணப் பெண் தனியாக மலையில் இருக்கிறாள், அண்ணன் வந்தானா இல்லையா என்று கூடத் தெரியவில்லை. இப்படி ஒரு இடத்தில் போயா பக்கம் கிழியும்?

வீட்டுக்கு வந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அம்மாவும் அத்தையும் குடத்தோடு போய்விட்டார்கள். ஏலக்காய் மண்டியில் லோடு ஏற்றி இறக்குகிற அப்பா அப்போதுதான் வந்து தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கதை எல்லாம் ஆகாது. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அத்தை சொன்ன ஐந்தாம் பாகத்தை அப்படியே ஒப்பித்தேன். செக்போஸ்ட், ஸ்டோர், கட்டஞ்சாயா என்று தப்புகளையும் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினேன். அப்பா பிசைந்த சோற்றை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் வந்தானான்னு மட்டும் யாருக்கும் தெரியலப்பா. அந்தப் பக்கம் கிழிஞ்சிருச்சாம்."

"வந்தான்" என்றார் அப்பா.

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. "நீங்க படிச்சீங்களா?"

"மத்தியானமே பஸ்சு ஏறிப் போயிட்டான்."

"நாயக்கர் காலத்துல பஸ்சாப்பா?"

"சரி, நடந்து போனான்னு வச்சுக்க." அப்பா தட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஒவ்வொரு ஸ்டோராப் பாத்துக்கிட்டே போனான். ஒரு எடத்துல, வெளியிலருந்து பாத்தா அடுப்பு வெளிச்சத்துல தெரியிது. கல்யாணச் சேலைக்கு மேல யாரோட ஆம்பளச் சட்டையவோ மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. டம்ளரு கையில இருந்துச்சு. பக்கத்துல ஒரு பொம்பள என்னமோ சொல்லவும் சிரிச்சா. அவ சிரிச்சுப் பாத்து ரொம்ப நாளாச்சு."

நான் சட்டையைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. அத்தையும் சொல்லவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "அப்புறம்?" என்றேன்.

"அப்புறமென்ன. திரும்பி வந்துட்டான்."

"கூப்பிடலயா?"

"கூப்பிட்டா வந்துருவால்ல" என்றார் அப்பா. "ஊருக்குள்ள வந்து, எல்லாப் பக்கமும் தேடிட்டேன், ஆளக் காணோம்னுட்டான். மாப்பிள வீட்டாளுக வாசல்ல நின்னு பேசுனதயெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினார். எழுந்தவர், வாசல்படி வரைக்கும் போய்த் திரும்பி, "உங்கத்தைகிட்டச் சொல்லு. இதான் அந்தப் பக்கம்னு சொல்லு" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அத்தை ஆறு மாதம் மலையிலேயே இருந்ததையும், பிறகு அம்மா போய் அவளைக் கூட்டிவந்ததையும், அண்ணன் தன்னைத் தேடக்கூட வரவில்லை என்ற ஒரே வருத்தத்தில் அவள் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டதையும் நான் தெரிந்துகொண்டது கல்லூரி முடிக்கிற சமயத்தில். தேடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பியதைத் தானாக எடுத்துச் சொல்ல அப்பாவுக்கு நாக்கு எழவில்லை. வரிசையில் இருந்த பெண்களுக்கு அது யார் கதை என்று தெரியும். அவர்களில் இரண்டு பேர் அன்று அதே ஸ்டோரில் இருந்தவர்கள். தெரியாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தி மட்டும்தான். எல்லாம் விளங்கி, அப்பா சொன்னதை நான் அத்தையிடம் போய்ச் சொன்னபோது அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசி வரை அவர்கள் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல்தான். நான்கு பாகம் ஓடிய கதைக்கு இதுவா முடிவு? சண்டை இல்லை, அழுகை இல்லை, ஓலையைக் கொடுத்தாளா என்பது கூட இல்லை. ஒருத்தன் வந்தானாம், எட்டிப் பார்த்தானாம், போனானாம். அப்பா ஒரு புத்தகத்தையும் தொட்டதில்லை, வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறார் என்று தீர்மானித்தேன்.

அத்தை இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள். தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்தாள்.

"ஏன், சாப்பிடலயா?"

"நான் அஞ்சாம் பாகத்தச் சொன்னேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அத்தை குடத்தை இறக்கவில்லை. "எல்லாத்தயும் சொன்னியா?"

"எல்லாத்தயும். அண்ணன் வந்தானான்னும் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?" குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவள் சேலையில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லல அத்தை. அப்பாவுக்குக் கதையெல்லாம் சொல்லத் தெரியாது."

அத்தை குடத்தை இடுப்பில் நிமிர்த்திக்கொண்டாள். பிறகு, "சரி, விடு" என்று குடத்தை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். செவ்வந்தியை ஒரு மட்டமான முடிவிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.