சிவப்பு மூடிப் பிளேடு

கற்பிட்டியில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறோம். கணினியில் எழுத்தைக் கொடுத்தால், ஊசி மாதிரி ஒரு பிளேடு ஓடி ஓடி வெட்டித் தரும். அதில் என் கணவர் மீன்பிடி போட்களுக்குப் பெயர் வெட்டுவார். நான் கலியாண இனிப்புப் பெட்டிகளுக்கு மட்டை வெட்டுவேன். மெஷின் பொது, பிளேடு தனித்தனி. சிவப்பு மூடி போட்டது அவருடையது, மெல்லிய ஸ்டிக்கருக்கு. நீல மூடி என்னுடையது. முனை நீளம், தடித்த மட்டைக்கு. "மாத்திப் போட்டா ரெண்டும் நாசம்" என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் ரோஸ் நிற மினுமினுப்பு மட்டையில் பெட்டி வெட்ட உட்கார்ந்தேன். என் நீல மூடிப் பிளேடு புதுசுதான், ஆனால் மூன்றாவது பெட்டியிலேயே மட்டையைப் பிய்த்தது. அவர் சாமான் எடுக்கப் புத்தளம் போயிருந்தார். சிவப்பு மூடியைக் கழற்றி, அவருடைய பிளேடை மெஷினில் போட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், வழுக்கிக்கொண்டு போனது! நூறு பெட்டி வெட்டி முடித்து, மூடியை மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை கண்டக்குழியிலிருந்து ஒரு போட்காரர் வந்தார். புதுப் போட்டுக்கு மகளின் பெயர் வேண்டுமாம். கணவர் வெட்டினார். எழுத்தின் சுழி எல்லாம் கிழிந்து நூல் நூலாக வந்தது. முதலில் ஸ்டிக்கரைக் குறை சொன்னார், பிறகு மின்சாரத்தை. கடைசியில் பிளேடு விற்ற ஆளுக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டார். அந்த ஆள் அமைதியாக, "போன் கமராவால முனையைப் பெருசாக்கிப் பாருங்க" என்றார்.

பார்த்தார். போனை என் பக்கம் திருப்பினார்.

"இஞ்ச பாருங்க. முனையில என்ன ஒட்டியிருக்கு?"

"கடல் காத்துல்லியா, உப்பா இருக்கும்."

"உப்பு ரோஸ் கலர்லயா?"

போட்காரர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மறைக்க வழியில்லை.

"ஓம், நான்தான் எடுத்தேன். என்ட பிளேடு புதுசு, மூணு பெட்டிக்கே மொட்டையாப் போனா நான் என்ன செய்ய?"

கணவரின் முகம் மாறியது. பிடரியைச் சொறிந்தார்.

"அது... லொறிக்கு மினுங்குற ஸ்டிக்கர் ஒண்டு வெட்டினேன். நல்ல தடிப்பு. என்ட பிளேடு பழுதாகிடும் எண்டு..."

"எண்டு?"

"உங்கட பிளேடைப் போட்டேன்."

போட்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அது சரி, என்ட மகள்ட பேருக்கு என்ன வழி?"

கணவர் எழும்பி உள்ளே போனார். அலுமாரியில் அவர் உடுக்கும் சாரன்களுக்கு அடியிலிருந்து, பெட்டி பிரிக்காத பிளேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அப்படியொன்று வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் அவரையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் அவசர அவசரமாக அதை மாட்டி, ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம் வெட்டிப் பார்த்தார். ஸ்டிக்கர் மட்டும் உரிந்தது, பின்தாளில் கீறல் விழவில்லை. அதற்குப் பிறகுதான் பெயரை வெட்டினார். சுழியெல்லாம் சுத்தமாக வந்தது.

போட்காரர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார். நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு மூன்று நாள், ஒருவரோடு ஒருவர் மிகுந்த மரியாதையாகக் கதைத்துக்கொண்டோம்.