ஆட்டுக்கால் சூப்பும் பெரியப்பாவின் பெருவிரலும்

பிள்ளைகளா, வயதான ஒருவருக்கு ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், எலும்பு கரைந்துவிட்டது என்று பயந்து அவரைக் கட்டிலில் போட்டுவிடாதீர்கள். நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன்தான். ஆனாலும் இதை அடித்துச் சொல்வேன். நம் வீட்டிலேயே பார்த்தது.

என் அப்பாவின் அண்ணன், எனக்குப் பெரியப்பா. அறுபதைத் தாண்டியவர். போடிமெட்டுச் சரிவில் இருந்த நம் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர் அவர் பொறுப்பு. விறகுச் சூடு கொஞ்சம் ஏறினாலும் காயின் பச்சை போய்விடும். அவர் ஒரு காயைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பார். அவ்வளவுதான் கணக்கு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ஜீப்பிலிருந்து இறங்கும்போது கால் ஊன்ற முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது பெருவிரல் வீங்கிப் பளபளவென்று சிவந்திருந்தது. வேட்டி நுனி பட்டாலே துடித்தார். "எலும்புக்குள்ள ஊசி வச்சுக் குத்துற மாதிரி இருக்கு" என்றார். போடியில் ரத்தம் சோதித்தார்கள். யூரிக் ஆசிட், ஊர்ப் பேச்சில் 'உப்பு', அதிகம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

பெரியம்மாவுக்கு அந்த 'எலும்புக்குள்ள' என்ற பேச்சே போதுமாக இருந்தது. ராசிங்காபுரத்தில் அவளுடைய அண்ணன் கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பயம்.

"உப்பு எலும்பைத் தின்னுருச்சுங்க. இனிமே நீங்க மலைக்குப் போக வேணாம். கீழயே கெடங்க."

அன்றைக்கே கயிற்றுக் கட்டில் போடி வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அவருடைய கான்வாஸ் ஷூ பரண் மேல் ஏறியது. எலும்புக்கு எலும்புதான் மருந்து என்று முடிவு செய்து, தினமும் காலையில் ஆட்டுக்கால் சூப்பு. நடுவில் ஈரலும் உண்டு. மிச்சம் வைத்தால் விடமாட்டாள்.

பெரியப்பா தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "மலை ஏறாத காலுக்கு எதுக்குடி இம்புட்டு ஆட்டுக்காலு? அந்த ஆடாவது நடந்துட்டுப் போயிருக்கும்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் காய் பறிக்கும் எடுப்புக் காலம் நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்தது. அப்பா ஸ்டோருக்கு வேறு ஆள் பேசத் தொடங்கியிருந்தார். அது கட்டிலில் கிடந்தவர் காதிலும் விழுந்தது.

கால் ஆறவில்லை. விட்டு விட்டு வீங்கியது. இடது கால் விரலுக்கும் வந்தது. "பாத்தியா, எலும்பு கரையுது" என்று பெரியம்மா சூப்பை இரண்டு வேளையாக்கினாள்.

கடைசியில் நான்தான் அவரை ரயிலில் மதுரைக்குக் கூட்டிப் போனேன். பெரியம்மாவும் வந்தாள், தூக்குவாளியில் சூப்போடு. அங்கே பாதத்தையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெரியவரே, என்ன சோலி பாக்குறீங்க?"

"மலை ஏறி எறங்குறதுதான் சோலி. இப்ப கட்டில் காவல்."

"எலும்பெல்லாம் நல்லா அடர்த்தியாத்தான் தெரியுது. பெருவிரல் மூட்டு ஓரத்துல மட்டும் உப்பு கொஞ்சம் அரிச்சிருக்கு. ரத்தத்துல யூரிக் ஆசிட் கூடுனா ஒடம்பெல்லாம் எலும்பு கரையும்னு அர்த்தமில்ல. அது வேற, இது வேற. ஆனா இப்படியே படுத்துக் கெடந்தா எலும்பு நெசமாவே வலுக் கொறைஞ்சிரும்." பிறகு தூக்குவாளியைப் பார்த்தார். "அதுல என்ன?"

பெரியம்மா பெருமையாகச் சொன்னாள்.

"ஆத்தா, எலும்புக்கு எலும்புன்னா, வழுக்கைத் தலைக்கு முடியவா திங்கக் குடுப்பீங்க? காலும் ஈரலும்தான் அந்த உப்பை ஏத்துது. நிறுத்துங்க. தண்ணி நிறையக் குடிக்கட்டும். மாத்திரையை விடாம போடட்டும். வீக்கம் வத்துனதும் நடக்கட்டும்."

திரும்பும் ரயிலில் ஆண்டிபட்டி தாண்டியதும், "இந்தா, நீ குடி" என்று பெரியம்மா தூக்குவாளியை என் பக்கம் தள்ளினாள். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

யூரிக் ஆசிட்டுக்கும் எலும்பின் அடர்த்திக்கும் என்ன உறவு என்று பெரிய டாக்டர்களே இன்னும் ஒரே மாதிரி சொல்வதில்லை என்று கேள்விப்படுகிறேன். அது அவர்கள் பாடு. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள், யூகத்தில் வைத்தியம் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்தது அது.

மாத்திரையும் தண்ணீருமாகச் சில வாரம் போயிற்று. வீக்கம் வற்றியது. முதலில் வாசல் வரைக்கும், பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். எடுப்பு தொடங்கிய காலையில் ஷூவைப் பரணிலிருந்து எடுத்து, விரலை அழுத்தாமல் இருக்க முன்பக்கம் பிளேடால் ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.

"அடப்பாவி, ரத்தம் குடிக்கிற அட்டைக்கு வாசல் வச்சுக் குடுத்திருக்கியேடா!"

"உள்ள வந்தா அதுக்கும் சூப்பு குடுங்க பெரியப்பா."

ஜீப்பில் அவரே ஏறினார். யாரையும் கை கொடுக்க விடவில்லை. "அந்தப் புது ஆளை வேற சோலி பாக்கச் சொல்லு" என்று அப்பாவிடம் சொன்னார். பெரியம்மா ஜீப்பு திருப்பத்தில் மறையும்வரை தெருவில் நின்றாள்.

நான் மட்டும் உள்ளே போனேன். கூடத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலைத் தூக்கி நிறுத்திச் சுவரில் சாத்தினேன்.